ஐம்பத்தொன்றாம் வருஷத்துத் தப்பு

பேக்கர்ஸ்ஃபீல்டில் இரண்டு ஹாட் ராட் ஆட்கள் முதன்முறையாகச் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன் வருஷத்தைக் கேட்பார்கள். பிறந்த வருஷத்தை அல்ல, அது யாருக்கு வேண்டும். வெர்லின் ஸ்டப்ஸ் பிறந்தது அறுபத்துமூன்றில். அவனுடைய வருஷம் ஐம்பத்தொன்று. அதாவது, அவன் கட்டுகிற காரில் ஐம்பத்தொன்றுக்கு அப்புறம் உலகத்தில் நடந்த எதற்கும் இடமில்லை. அவன் நண்பன் ரூடி அரம்புலாவுக்கு நாற்பத்தேழு. இருபது வருஷ சிநேகம்தான், ஆனாலும் நடுவில் அந்த நான்கு வருஷம் கிடந்து இடறிக்கொண்டேயிருந்தது. ஐம்பத்தொன்றில் குரோம் பூச்சு வந்துவிட்டது, அங்கேயே எல்லாம் கெட்டுப்போயிற்று என்பது ரூடியின் கட்சி. நாற்பத்தேழில் யுத்தம் முடிந்து வந்த பையன்கள் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டார்கள், அதைப் பாணி என்று சொல்வது குளிரில் நடுங்குகிறவனை நடனக்காரன் என்று சொல்வது மாதிரி என்பது வெர்லினின் கட்சி. கிளப்பில் ஒருவர் நாற்பத்தெட்டிலிருந்து திடீரென்று ஐம்பத்துமூன்றுக்கு மாறினார். அவரை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஹாட் ராட் என்பது பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய காரை எடுத்து, மட்கார்டைக் கழற்றி, கூரையைக் கழற்றி, இருக்கிற கனத்தையெல்லாம் கழற்றி, எஞ்சினை மட்டும் பெரிதாக்கி, வறண்டுபோன ஏரியின் தரையில் விரட்டினால் அது ஹாட் ராட். அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் செய்கிறவர்களுக்கு அந்தக் காலம் வேண்டியிருந்தது.

அதற்காகவே இருந்தது கிளப். வருஷத்துக்கு ஒரு நாள், ஜூன் மாதத்தில், மொஹாவி பாலைவனத்து வறண்ட ஏரி ஒன்றில் முப்பது கார்களை ஓடவிடுவார்கள். காரில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் ஐம்பத்திரண்டு டிசம்பர் முப்பத்தொன்றுக்கு முன்னால் உலகத்தில் இருந்திருக்க வேண்டும். பாகம் மட்டும் போதாது, அதைப் பொருத்தியிருக்கிற முறையும் இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் விசித்திரமாக எதையாவது செய்திருந்தால், அதே மாதிரி அந்தக் காலத்தில் ஒருவனாவது செய்தான் என்பதற்கு ஒரு படம் காட்ட வேண்டும். ஆதாரப் படம் என்று அதற்குப் பெயர். விதி காருக்கு மட்டுமே, ஓட்டுபவரின் உடம்புக்குப் பொருந்தாது என்று 2009இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். எல்மோ என்கிற உறுப்பினரின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பிறகு வந்த திருத்தம் அது. மூன்றுக்கு இரண்டு ஓட்டில் நிறைவேறியது.

பரிசோதனை செய்கிறவர் தலைவர் ஆர்வில் டீக். வயது எழுபத்தொன்பது. பள்ளிக்கூட பஸ்களைச் சோதிக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் டார்ச்சும் நீளக் கம்பியின் நுனியில் கட்டிய பல் டாக்டர் கண்ணாடியுமாக மல்லாந்து படுத்து காருக்கு அடியில் போவார். பாதி கார்களின் சொந்தக்காரர்கள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐம்பத்தொன்றில் அவருக்குப் பதினெட்டு வயது, அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர் என்று கிளப்பில் மரியாதை. அப்போது அவர் நெப்ராஸ்காவில் இருந்தார், சைக்கிள் வைத்திருந்தார் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவருடைய காரில், டாஷ்போர்டுக்குப் பின்னால், ஒயரைக் கட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் டை, பிற்காலத்துச் சமாசாரம், அகப்பட்டது. டீக் கண்டுபிடிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற வெர்லின் கண்டுபிடித்து, டீக்கின் காதில் சொன்னான். அந்த மனிதர் அன்று மத்தியானமே கிளம்பிப் போனார். இப்போது அரிசோனாவில் படகு வைத்திருப்பதாகக் கேள்வி.

இப்படிப்பட்ட வெர்லினுக்கே இன்னும் சொந்தக் கார் ஏரியில் இறங்கவில்லை. எட்டு வருஷம் வரிசையில் நின்று அடுத்தவன் காரைத்தான் பார்த்தான். ஐந்து வருஷமாக, எண்ணெய்க் கம்பெனியில் பம்ப் ரிப்பேர் பார்த்த நேரம் போக மிச்சமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கழிந்தது. முப்பத்திரண்டு மாடல் ஃபோர்டு, திறந்த வண்டி. மற்றவர்களுக்கு ஆதர்சம் என்று யாராவது ஒரு மனிதர் இருப்பார், பெரிய பெயர் எடுத்த பட்டறைக்காரர். வெர்லினுக்கு ஆதர்சம் ஒரு புகைப்படம். பழைய புத்தகம் ஒன்றில் நூற்றுப்பதினான்காம் பக்கம். கீழே ஒரு வரி: “பெயர் தெரியாத கார், 1951. படம்: எவரிஸ்டோ பச்சேக்கோ.”

படத்தில் கறுப்பு கார் ஒன்று, மூக்கு இடது பக்கம் பார்க்க நிற்கிறது. கதவில் வெள்ளைப் பூச்சில் 11 என்று எழுதியிருக்கிறது. சட்டை போட்ட ஒரு ஆள் நம்மைப் பார்த்தபடி அதன்மேல் சாய்ந்து நிற்கிறான். அவன் உடம்பு சீட்டையும் ஸ்டியரிங்கையும் மறைக்கிறது. காரின் பக்கவாட்டில், வெளிப்புறமாக, எஞ்சினிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரே ஒரு புகைக்குழாய் நீட்டாகப் போகிறது. இதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாடலில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற ராடு இடது பக்கத்தில், வெளியே, குழாய் போகிற அதே இடத்தில்தான் போகும். படத்தில் குழாய் இருந்தது, ராடு இல்லை.

வெர்லின் அந்த ராடைத் தேடி பூதக்கண்ணாடியோடு ஒரு குளிர்காலத்தைச் செலவழித்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். அந்தப் பெயர் தெரியாத மேதை ராடை உள்ளே கொண்டுபோய்விட்டான். எஞ்சினுக்கும் சேஸ் சட்டத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடம் இருந்தது. அதற்குள் முழங்கை மாதிரி மூன்று மடிப்பு மூட்டு வைத்து ஒரு ராடை ஓட்டினால் வெளியே எதுவும் தெரியாது. அதை அச்சாக அப்படியே செய்து முடிக்க வெர்லினுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. நான்கு தடவை வெட்டி எறிந்தான். முடித்ததும் கிளப் பத்திரிகையில் ஒன்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதினான். மேதைமை என்பது தன்னை மறைத்துக்கொள்வது என்று அதில் ஒரு வாக்கியம் வரும். அதைப் படித்துவிட்டு ஃபிரெஸ்னோவில் ஒருவனும் ஸ்வீடனில் ஒருவனும் தங்கள் கார்களில் ராடை உள்ளே கொண்டுபோகத் தொடங்கினார்கள். ஸ்வீடன்காரன் அளவு கேட்டுக் கடிதம் போட்டான். ரூடி மட்டும் கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டு, இவ்வளவு கஷ்டப்பட்ட ஆள் குழாயை வலது பக்கம் போட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்திருக்குமே என்றான். நாற்பத்தேழுக்காரனிடமிருந்து வேறு என்ன எதிர்பார்ப்பது என்று வெர்லின் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் கடிதம் வந்தது. முப்பது கார்களில் ஒன்றாக வெர்லினின் கார் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஆதாரப் படம் ஏற்கப்பட்டதாக டீக் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். வெர்லின் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். மறுபடி எடுத்து, ஃபிரிட்ஜ் தொண்ணூற்றெட்டாம் வருஷத்தது என்பதால், ஷெட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான்.

இனி பாக்கி இருந்தது சட்டைதான். படத்து ஆள் போட்டிருந்த சட்டை மாதிரியே ஒன்று தைத்துக் கொடுக்கும்படி மனைவி நாடீனிடம் கேட்டான். நாடீன் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிற கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே பெயர் தைப்பது அவள் வேலை. ஐந்து வருஷத்தில் அந்தப் படத்தை அவள் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று விட்டுவிட்டாள். இப்போது காபியை ஓரமாக நகர்த்திவிட்டு, பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.

“பாக்கெட் வலது பக்கம் வேணுமா?”

“படத்துல எப்படி இருக்கோ அப்படியே.”

“பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி வெச்சிருக்கு. அதுவும் அப்படியேவா?”

வெர்லின் அப்படியே என்றான்.

நாடீன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வாட்ச் வலது கையில கட்டியிருக்கான்,” என்றாள். அப்புறம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். “வெர்லின், அவசரத்துல பொண்டாட்டி சட்டையை மாட்டிட்டு வந்துட்டான்னு வெச்சுக்கலாம். ஆனா பொம்பளைச் சட்டையிலயும் பாக்கெட்டு இடது பக்கம்தான் வரும். இந்தப் படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்காங்க.”

வெர்லின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டு, நூற்றுப்பதினான்காம் பக்கத்தை விரித்து, கண்ணாடிக்கு நேரே பிடித்தான். கார் வலது பக்கம் பார்த்து நின்றது. பாக்கெட் இடது மார்பில் இருந்தது. பட்டன் ஆம்பளைப் பட்டன். கதவில் எழுதியிருந்த பதினொன்று கண்ணாடியிலும் பதினொன்றாகவே இருந்தது. அது மட்டும் இருபத்துமூன்றோ நாற்பத்தைந்தோ ஆக இருந்திருந்தால் புத்தகம் போட்டவனே கண்டுபிடித்திருப்பான். குழாய் வலது பக்கம் போயிற்று. வலது பக்கத்தில் ஸ்டியரிங் ராடு இருக்காது. அந்த மாடலில் எப்போதுமே இருந்ததில்லை. மேதை எதையும் மறைக்கவில்லை. குழாயைக் காலியாக இருந்த பக்கம் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான்.

வெர்லின் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நாடீன் கதவைத் தட்டி, சட்டைக்குத் துணி வெட்டுவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள்.

நிலைமை இதுதான். அவன் காரில் இருந்த உள் ராடுக்கு உலகத்தில் ஆதாரப் படம் கிடையாது. ஐம்பத்தொன்றில் அதை யாரும் செய்யவில்லை. நாற்பத்தொன்றிலும் செய்யவில்லை, முப்பத்தொன்றிலும் செய்யவில்லை. அதை முதன்முதலாகச் செய்த ஆள் வெர்லின் ஸ்டப்ஸ், செய்த இடம் ஆயில்டேலில் அவன் வீட்டு ஷெட், செய்த வருஷம் 2011. சுருக்கமாகச் சொன்னால், அவன் ஒரு புதுமையைக் கண்டுபிடித்துவிட்டான். கிளப்பில் இதைவிடக் கேவலமான குற்றம் கிடையாது.

ரூடியிடம் போய்ச் சொன்னான். ரூடி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பீர் டின்னைப் பழைய மாதிரி ஓட்டைபோட்டுத் திறந்து, பாதியைக் குடித்து முடித்த பிறகு சிரித்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஏரிக்குப் போ என்று யோசனை சொன்னான். டீக் காருக்கு அடியில்தான் கண்ணாடி விடுவார், படத்திலிருக்கிறவன் சட்டைக்குள் விடமாட்டார்.

“பிளாஸ்டிக் டை வெச்சிருந்தவரை நான்தானடா காட்டிக் குடுத்தேன்,” என்றான் வெர்லின்.

ரூடி டின்னைக் கீழே வைத்தான். “அதை நான் மறந்துட்டேன்,” என்றான். “அப்ப நீ போய் சொல்லித்தான் ஆகணும். சொல்லாம விட்டா நானே சொல்லிடுவேன்.”

சனிக்கிழமை மத்தியானம், ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பாஸ்க் இனத்தவரின் ஹோட்டலில், நீள மேஜையில், கமிட்டி கூடியது. டீக், எல்மோ, ரூடி, இன்னும் இரண்டு பேர். வெர்லின் பீன்ஸ் சூப் வருவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டான். பாக்கெட், பட்டன், வாட்ச், குளியலறைக் கண்ணாடி, எல்லாம். ஊற வைத்த மாட்டு நாக்கு வந்தது. எல்லோரும் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் பழைய ராடையே திரும்ப வெளியே மாட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். குழாய், பானெட், சேஸ் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், ஒரு வருஷம் என்றான் வெர்லின். ஏரிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அடுத்த வருஷம் வரிசையில் வேறு முப்பது பேர் இருந்தார்கள்.

எல்மோ, அவன் தானாக வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பேஸ்மேக்கர் வைத்ததிலிருந்து அவர் எல்லோரிடமும் இளக்கமாக இருந்தார்.

டீக் ரொட்டியால் தட்டைத் துடைத்தார். அதற்குப் பிறகே வாயைத் திறந்தார்.

“தப்புங்கிறது ஒரு பாகம் மாதிரிதான். எந்தப் பாகத்தைப் பாத்தாலும் நாம என்ன கேக்குறோம்? எந்த வருஷம்னு கேக்குறோம். இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டது எந்த வருஷம்?”

யாருக்கும் தெரியவில்லை. புத்தகம் எண்பத்தாறில் வந்தது.

டீக் விளக்கினார். புத்தகம் அச்சடித்தவன் எண்பத்தாறில் திருப்பிப் போட்டிருந்தால் அது எண்பத்தாறாம் வருஷத்துத் தப்பு. பிளாஸ்டிக் டையும் அதுவும் ஒன்று. காரில் ஏற்ற முடியாது. ஆனால் படத்தைக் கழுவிப் பிரிண்ட் போட்டவனே அந்தக் காலத்தில் திருப்பிப் போட்டிருந்தால், தப்பு ஐம்பத்திரண்டுக்கு முந்தியது. அந்தப் படத்தை அப்போதே ஒருவன் பார்த்து, ஏமாந்து, இதே மாதிரி ஒரு காரைக் கட்டியிருக்க முடியும். கட்டினானா இல்லையா என்பது வேறு. முடியுமா முடியாதா என்பதே கேள்வி.

நாற்பத்தேழுக்காரனாக இருந்தும் ரூடியால் இந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. “ஆதாரம் கொண்டா, வெர்லின்,” என்றார் டீக். “ஏரியில கையில குடு. இல்லேன்னா வண்டியை டிரெய்லர்லேர்ந்து இறக்காதே.”

பச்சேக்கோ என்ற பெயர் துலேரி பக்கத்தில் பால் பண்ணைக்காரர்களிடையே ரோட்டுக்கு நாலு இருந்தது. வெர்லினும் ரூடியும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, ஒன்பது பண்ணையில் விசாரித்து, பத்தாவதில் லூர்தெஸ் பச்சேக்கோவைப் பிடித்தார்கள். எவரிஸ்டோவின் ஒரே மகள். எழுபது வயது இருக்கும். மாடுகளை விற்றாயிற்று, வாசனை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை. அப்பா வாரம் பூராவும் பால் கறந்தார், ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்தார், பால் டின் கழுவுகிற அறையிலேயே பிரிண்ட் போட்டார் என்று சொன்னார். இனிப்பு ரொட்டியை அறுத்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வருஷ வாரியாகக் கவர்கள். ஒவ்வொரு பிரிண்டுக்கும் பின்னால் அப்பா தேதி முத்திரை குத்தியிருப்பார் என்றார். பால் டின்னுக்குக் குத்துகிற அதே முத்திரை.

ஐம்பத்தொன்று கவரில் அந்தக் கார் இரண்டு தடவை இருந்தது. ஒன்றில் வலது பக்கம் பார்த்து நின்றது. இன்னொன்றில் இடது பக்கம்.

வெர்லின் இரண்டாவதை எடுத்துப் பின்புறம் திருப்பினான். ஆகஸ்ட் 5, 1951 என்று முத்திரை. அதற்குக் கீழே பென்சிலில், அழுத்தி அழுத்தி, யாரோ எழுதியிருந்தார்கள்.

“பச்சேக்கோ, இது என் கார் இல்லை. என் குழாய் வலது பக்கம். இப்படி ஒரு காரை எந்த முட்டாளாவது கட்டினால் ஸ்டியரிங் ராடை எங்கே கொண்டுபோய் வைப்பான்? வேறு பிரிண்ட் போட்டுக் கொடு. ஹோமர் டின்ஸ்லி. ஆகஸ்ட் 9.”

வெர்லின் அதை நான்கு தடவை படித்தான். ரூடி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு தடவை படித்தான். ரொட்டியை மென்று விழுங்கினான்.

“உன் ஆதர்சம் உனக்கு லெட்டர் போட்டிருக்காரு,” என்றான்.

லூர்தெஸுக்கு அந்த ஆளை ஞாபகம் இருந்தது. வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு, படத்தை அப்பா மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போனாராம். அப்பா அன்றைக்கே சரியான பக்கமாக இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றை அவருக்கு அனுப்பி, ஒன்றைக் கவரில் வைத்தார். எண்பத்தாறில் புத்தகக்காரர்கள் வந்தபோது அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தார்.

“அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டான் வெர்லின்.

“ஒரேகான் பக்கம் போனாரு. போய்ச் சேந்துட்டாரு, ரொம்ப வருஷம் ஆச்சு. ஐம்பத்துமூணுலயே அந்த வண்டியை வித்துட்டு ஃபிரிட்ஜ் வாங்கினாரு. நல்ல பெரிய ஃபிரிட்ஜ். எங்கம்மா அதைப் போய்ப் பாத்துட்டு வந்து ஒரு மாசம் பேசிட்டிருந்தாங்க.” படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று லூர்தெஸ் சொல்லி, அதை ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்து நூல் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பாதாம் தோட்டங்கள். ரூடி ஓட்டினான். வெர்லின் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை உள்ளே விடுகிற சீட்டும் அதுதான், அவனை முட்டாள் என்று சொல்கிற சீட்டும் அதுதான். முன்பக்கத்தை மட்டும் காட்டினால் தேதி இருக்காது. பின்பக்கத்தைக் காட்டினால் தேதியோடு மிச்சமும் இருக்கும். முத்திரையை மட்டும் போட்டோ எடுத்துக் காட்டலாமே என்று ரூடி தூண்டில் போட்டுப் பார்த்தான். எடுக்கிற போட்டோ 2012ஆம் வருஷத்தது ஆகிவிடும் என்றான் வெர்லின். ரூடிக்கு முதன்முறையாக அவன்மேல் மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் இரண்டாம் சனி. காலை எட்டு மணிக்கே ஏரித் தரை வெளுத்துப்போயிருந்தது. முப்பது கார்களும் வரிசையில் நின்றன, இருபத்தொன்பது தரையிலும் ஒன்று டிரெய்லரிலுமாக. டீக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே டிரெய்லரிடம் வந்தார். பின்னால் கமிட்டி. அதற்குப் பின்னால், வேலை இல்லாததால், மற்றவர்கள். ஃபிரெஸ்னோக்காரனும் வந்திருந்தான். தன் கார் என்ன ஆகப்போகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெர்லின் அட்டையின் நூலை அவிழ்த்துப் படத்தை நீட்டினான். டீக் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். விரலை எச்சில் தொட்டு முத்திரையின் ஓரத்தில் தேய்த்து, விரலைப் பார்த்தார். மை வரவில்லை. பிறகு மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பென்சிலில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். பஸ் சோதிக்கிறவருடைய குரல் அது, கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. ஹோமர் டின்ஸ்லி என்ற பெயரையும் விடாமல் படித்தார். யாரோ இருமினார்கள்.

“முட்டாள்னு எழுதியிருக்கே,” என்றார் டீக்.

“ஆமா, மிஸ்டர் டீக்.”

“யாரைச் சொல்றாரு?”

வெர்லின் நாடீன் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான். பாக்கெட் இடது பக்கம், பட்டன் ஆம்பளைப் பட்டன். அவள் வேறு மாதிரி தைக்க மறுத்துவிட்டாள். “என்னைத்தான்,” என்றான்.

டீக் மறுபடி தேதியைப் பார்த்தார். தலைக்குள் ஏதோ கூட்டிக் கழிப்பது மாதிரி உதடு அசைந்தது. “அப்ப இப்படிக் கட்டுற முட்டாளை ஐம்பத்தொண்ணு ஆகஸ்டுலயே ஒருத்தர் யோசிச்சுப் பாத்திருக்காரு. நீ புதுசு இல்லை,” என்றார். “வண்டியை இறக்கு.”

எல்மோ தன் பாட்டுக்குக் கை தட்டினார். ஃபிரெஸ்னோக்காரன் ஓடிப்போய் யாருக்கோ போன் போட்டான். போன் காரில் இல்லாதவரைக்கும் விதிப்படி தப்பில்லை.

வெர்லினின் முறை பத்தரைக்கு வந்தது. கொடி இறங்கியது. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. ஐம்பது, அறுபது. குழாயின் சூடு இடது முழங்கையில் அடித்தது. எழுபதுக்கு மேல் காற்று கன்னத்தை இழுத்துப் பின்னால் கட்டியது. எண்பத்தைந்து மைலைத் தாண்டியதும் ஸ்டியரிங் மெதுவாக இடது பக்கம் இழுத்தது. முரட்டுத்தனமாக இல்லை. சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிற மாதிரி. வெர்லின் திருத்தினான். விட்டான். மறுபடி இழுத்தது.

ஐந்து வருஷமாக அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காரில் எது புரியாமல் போனாலும், அந்த ஆள் இதற்கு என்ன செய்திருப்பான் என்று கேட்டுக்கொள்வான். இப்போதும் கேட்டுக்கொண்டான். அந்த ஆள் குழாயை வலது பக்கம் போட்டவன். இந்த ராடு எண்பத்தைந்தில் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. டீக்குக்குத் தெரியாது. புத்தகத்தில் இல்லை. இன்றைய தேதியில், ஸ்வீடன்காரனும் ஃபிரெஸ்னோக்காரனும் இன்னும் முடிக்காத நிலையில், இந்த ஸ்டியரிங்கைப் பிடித்த கை உலகத்திலேயே வெர்லினுடையது ஒன்றுதான். தொண்ணூற்றாறைத் தொட்டான். இழுப்பு அதே அளவுதான் இருந்தது, கூடவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்ததும் புழுதி போயிற்று.

வளைந்து திரும்பி வந்து நிறுத்தினான். டீக் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். ரூடி பின்னால் நின்றான்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் டீக்.

“அப்படியே அம்பத்தொண்ணு மாதிரி,” என்றான் வெர்லின்.

டீக் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த காருக்கு அடியில் படுத்தார். ரூடி மட்டும் நகரவில்லை. வண்டி இடது பக்கம் இழுத்ததை அவன் ஓரத்தில் நின்று பார்த்திருந்தான்.

வெர்லின் பானெட்டைத் தூக்கினான். மூன்று விரல் இடத்துக்குள் விரலை விட்டு, ராடின் இரண்டாவது மூட்டைத் தடவிப் பார்த்தான். அதைக் கால் அங்குலம் முன்னால் நகர்த்தினால் இழுப்பு போய்விடும் போலிருந்தது. அப்படி நகர்த்தியதற்கு எந்த வருஷத்திலும் ஒரு படம் கிடைக்காது. டீக்கின் பூட்ஸ் இரண்டும் பக்கத்துக் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“ரூடி,” என்றான் மெதுவாக, “கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சு நில்லு.” ஸ்பானரை எடுத்தான்.